பத்திரமாக இருக்கிறது என்றேன்

பட்டுக்கோட்டையைச் சுற்றியுள்ள ஊர்களில் 2011 தொடங்கி 2016 முடிய என்னை வைத்துக் கல்யாணமோ காதுகுத்தோ வளைகாப்போ எடுத்தவர்களுடைய மூலப்படங்கள் என்னிடம் இல்லை. அவற்றைத் தொலைத்தவன் நான். தொலைத்ததை வெளியே சொல்லாமல் மறைத்தேன். கேட்டு வந்தவர்களிடம், "ஆல்பம் குடுத்து ரெண்டு வருஷத்துக்கு மேல நாங்க வச்சிருக்கறதில்லைங்க, அதுதான் ஸ்டூடியோ வழக்கம்" என்று பொய் சொல்லி அனுப்பினேன். அப்படி ஒரு வழக்கம் எங்கள் ஸ்டூடியோவில் என்றைக்கும் இருந்ததில்லை. முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். ஹார்ட் டிஸ்க் விழுந்த கதை பின்னால் வரும். அதைப் படித்துவிட்டு, பாவம், மெஷின் ஏமாற்றிவிட்டது என்று யாரும் எனக்காக இரக்கப்பட வேண்டாம். மெஷின் அதன் இயல்புப்படிதான் நடந்தது.

எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு ஸ்டூடியோதான் படம் இருக்கிற இடம். வீட்டில் மாட்டியிருப்பது பிரதி, மூலம் ஸ்டூடியோக்காரரிடம். இந்த நம்பிக்கையை உண்டாக்கியவர்கள் என் அப்பா மாதிரியான ஆட்கள். அப்பா 1974-இல் கடை போட்டார். யாஷிகா 635 கேமரா, 120 ஃபிலிம், ரோலுக்குப் பன்னிரண்டு படம். கழுவிக் காயவைத்த நெகட்டிவை வெட்டிப் பட்டர் பேப்பர் உறையில் போட்டு, உறை மேல் மையால் ஒரு எண் எழுதுவார். அதே எண்ணை நீளமான கணக்கு நோட்டில் தேதி, வீட்டுக்காரர் பெயர், ஊர், விசேஷம் என்று பதிந்து வைப்பார். உறைகள் எல்லாம் ஒரு மர அலமாரியில் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் பக்கம் காற்றே ஈரமாக இருக்கும். நெகட்டிவில் பூஞ்சை ஏறிவிடும். அதற்காக அலமாரியின் அடித்தட்டில் ஒரு 40 வாட் குண்டு பல்பு மழைக்காலம் முழுக்க எரியும். கரன்ட் பில்லுக்குப் பயந்து அம்மா எந்த விளக்கை அணைத்தாலும் அந்தப் பல்பைத் தொட மாட்டார்.

நடுராத்திரியில் வந்து ஷட்டரைத் தட்டுவார்கள். "அப்பா தவறிட்டாருங்கய்யா. வீட்ல சொல்லிக்கிற மாதிரி ஒரு படம் இல்ல. அக்கா கல்யாணத்துல நீங்க எடுத்திருப்பீங்க" என்பார்கள். அப்பா நோட்டைப் புரட்டுவார். உறையை எடுத்து, குரூப் போட்டோவில் பின் வரிசையில் தோளில் துண்டோடு நிற்கிற அந்த முகத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்து உறுதி செய்துகொள்வார். என்லார்ஜரில் ஏற்றி அந்த ஒரு முகத்தை மட்டும் பெரிதாக்கி, பிரஷ்ஷால் டச்சிங் செய்து, பிரேம் போடுகிற பதத்துக்கு விடிவதற்குள் கொடுத்துவிடுவார். அதற்குத்தான் மாலை போடுவார்கள். கருமாதிப் பத்திரிகையிலும் அந்த முகம்தான் வரும். எங்கள் பக்கம் எத்தனையோ வீடுகளில் தாத்தாவுக்கு இன்றைக்கு இருக்கிற ஒரே முகம் அப்படி வந்ததுதான். அதற்காக அப்பா தனிக்காசு வாங்கிப் பார்த்ததில்லை. பேப்பர் செலவுதான் வாங்குவார்.

அந்தக் கடையில்தான் நானும் இருக்கிறேன். அதே பெயர்ப்பலகைதான்.

டிஜிட்டல் வந்தபோது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் ஒரு விடுதலை. ஃபிலிம் செலவில்லை, லேபுக்கு ரோல் அனுப்பிக் காத்திருக்க வேண்டியதில்லை. நிக்கான் டி90 வாங்கினேன். ஒரு கல்யாணத்துக்கு ஐந்தாறு ரோல் எடுத்துக்கொண்டிருந்தவன் ஆயிரக்கணக்கில் அழுத்த ஆரம்பித்தேன். மண்டபத்திலிருந்து வந்ததும் கார்டை ரீடரில் சொருகி கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். அடுத்த முகூர்த்தத்துக்குக் கார்டை ஃபார்மட் செய்வேன். கம்ப்யூட்டர் நிறைந்ததும் பழைய ஃபோல்டர்களை 2 டெராபைட் போர்ட்டபிள் டிஸ்க் ஒன்றுக்கு மாற்றுவேன்.

அந்த மாற்றுகிற வேலையில்தான் என் தவறு இருக்கிறது. கீபோர்டில் எக்ஸ் கட்டையும் சி கட்டையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். கன்ட்ரோலோடு சி அழுத்தினால் நகல். எக்ஸ் அழுத்தினால் இங்கே இருந்தது அங்கே போய்விடும். நான் ஒவ்வொரு தடவையும் எக்ஸ்தான் அழுத்தினேன். இடம் காலியாக வேண்டுமே! அந்த டிஸ்க்கில் "பேக்கப்" என்று மார்க்கர் பேனாவால் எழுதி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தேன். நெல் மூட்டையை ஒரு வீட்டிலிருந்து தூக்கி இன்னொரு வீட்டில் இறக்கிவிட்டு, இரண்டு மூட்டை இருக்கிறது என்று சொல்வது போன்ற வேலை அது. ஒரே பிரதி, இடம் மாறிய பிரதி. அதைத்தான் ஆறு வருஷம் பேக்கப் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வாடிக்கையாளர் கேட்டால், "பத்திரமா இருக்கு, எப்ப வேணா வாங்க" என்பேன்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை. பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் போட்டோகிராபர் 2005-இல் படங்களைச் சேமிப்பது பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 3-2-1 என்ற கணக்கு அவர் மூலமாகத்தான் எங்கள் தொழிலில் பரவியது: எந்தப் படமும் மூன்று பிரதியாக இருக்க வேண்டும், இரண்டு வேறு வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும், ஒரு பிரதியாவது வேறு ஊரிலோ வேறு கட்டடத்திலோ இருக்க வேண்டும். எனக்கு இது தெரியும். தெரிந்தது மட்டுமா, எங்கள் வட்டாரப் போட்டோகிராபர்கள் கூட்டத்தில் எழுந்து நின்று புதுப் பையன்களுக்கு இதை விளக்கிப் பேசியிருக்கிறேன். கைதட்டினார்கள். அன்றைக்கு என் கடையில் இருந்தது 1-1-0.

டி90-க்குப் பிறகு வாங்கிய டி7000-இல் இரண்டு கார்டு ஸ்லாட் உண்டு. இரண்டாவது கார்டு என்ன செய்ய வேண்டும் என்று மெனுவில் கேட்கும். முதல் கார்டு நிறைந்ததும் மிச்சத்தை வாங்கிக்கொள்ளலாம். அல்லது ஒவ்வொரு படத்தையும் இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் எழுதலாம். முதல் வழியை வைத்தால் மண்டபத்தில் கார்டு மாற்ற வேண்டிய தொல்லை இல்லை. அதைத்தான் வைத்தேன், அந்தக் கேமராவை விற்கும் வரை மாற்றவே இல்லை.

நேரமில்லை என்று சொல்லலாமா? ஆடியிலும் மார்கழியிலும் எங்களுக்கு முகூர்த்தமே கிடையாது. வருஷத்தில் இரண்டு மாசம் கடையில் உட்கார்ந்து பாஸ்போர்ட் சைஸ் எடுத்துக்கொண்டிருப்போம். நகல் எடுக்க அதைவிட நல்ல காலம் ஏது? பணமும் இருந்தது. இன்னொரு போர்ட்டபிள் டிஸ்க் வாங்க அப்போது பத்தாயிரம்கூட ஆகாது. அந்தச் சமயத்தில்தான் லட்சத்துக்கு மேல் கொடுத்து 70-200 லென்ஸ் வாங்கினேன். லென்ஸ் மண்டபத்தில் எல்லோர் கண்ணிலும் படும். அலமாரிக்குள் கிடக்கிற இரண்டாவது டிஸ்க்கை யார் பார்க்கப் போகிறார்கள்? என் மனசு ஓடிய விதம் இதுதான்.

2015 டிசம்பரில் சென்னை முழுகியது. நனைந்த ஆல்பங்களை வெயிலில் விரித்துவைத்துப் பக்கம் பக்கமாகப் பிரிக்கிறவர்களை டிவியில் பார்த்தேன். ஆல்பமும் கம்ப்யூட்டரும் டிஸ்க்கும் ஒரே வீட்டில் இருந்தால் ஒரே தண்ணீரில் போகும் என்று அன்று ராத்திரி மனைவியிடம் சொன்னேன். அடுத்த ஒரு வருஷம் என் கையில் இருந்தது. ஒன்றும் செய்யவில்லை.

2016 டிசம்பர். முதலமைச்சர் ஜெயலலிதா இறந்து ஊரே கடையடைத்துக் கிடந்த வாரம். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே ஆல்பம் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். டிஸ்க் மேஜை ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தபோது கேபிள் கைப்பிடியில் மாட்டிக்கொண்டது. டிஸ்க் தரையில் விழுந்தது. பெரிய உயரம் ஒன்றுமில்லை, இரண்டு அடி இருக்கும். எடுத்துத் திரும்பச் சொருகினேன். டிக்… டிக்… டிக்… என்று ஒரே சீராகச் சத்தம். கம்ப்யூட்டரில் டிஸ்க் வரவில்லை.

ஹார்ட் டிஸ்க்குக்குள் கண்ணாடிபோல் பளபளக்கிற தட்டுகள் நிமிஷத்துக்கு 5,400 தடவை சுற்றுகின்றன. படிக்கிற ஹெட் தட்டில் படாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. நம் தலைமுடியின் தடிமனே பல்லாயிரம் நானோமீட்டர். ஓடும்போது விழுந்தால் ஹெட் தட்டில் மோதிவிடும். அதன் பிறகு கரன்ட் கொடுக்கக் கொடுக்க, உடைந்த ஹெட் தட்டின் மேல்பூச்சைச் சுரண்டும். அந்தப் பூச்சில்தான் படம் இருக்கிறது. இந்த நிலையில் செய்யக்கூடிய ஒரே காரியம் கேபிளைப் பிடுங்கிவிட்டுக் கையை எடுத்துக்கொள்வதுதான். நான் செய்தது என்ன? அன்று ராத்திரி முழுக்கச் சொருகிச் சொருகிப் பார்த்தேன். கேபிள் மாற்றினேன், வேறு கம்ப்யூட்டரில் போட்டேன், லேசாகத் தட்டினேன். பாலித்தீன் பையில் சுற்றி ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் ஓடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதையும் செய்தேன். குளிர்ந்த தட்டில் ஈரம் படிந்ததுதான் மிச்சமாக இருந்திருக்கும். சென்னைக்குப் போய் ரிச்சி ஸ்ட்ரீட்டில் விசாரித்து, தூசி இல்லாத அறையில் டிஸ்க்கைத் திறந்து பார்க்கிற இடத்தில் கொடுத்தேன். தட்டில் வட்டமாகக் கோடு விழுந்திருந்ததைப் படம் எடுத்துக் காட்டினார்கள். விழுந்த உடனே நிறுத்தியிருந்தால் ஒரு பகுதியாவது மிஞ்சியிருக்க வாய்ப்பு உண்டு என்றார் அங்கிருந்தவர். விழ வைத்ததும் நான்; விழுந்த பின் மிஞ்சியதைச் சுரண்டியதும் நான்.

2011, 2012 கல்யாணங்கள் சிலவற்றை டிவிடியில் எழுதி வைத்திருந்தது ஞாபகம் வந்தது. பரணில், ஓட்டுக்கு அடியில், கோடைச் சூட்டில் கிடந்த டிவிடிகள். பெரும்பாலானவை படிக்கவில்லை. அவற்றில் சாயப்பூச்சு ஒன்று இருக்கிறது. சூட்டிலும் வெளிச்சத்திலும் அது கெட்டுப்போகும். எழுதிய நாளுக்குப் பிறகு ஒன்றையாவது நான் போட்டுப் பார்த்ததில்லை. பிக்ஸார் கம்பெனியிலேயே இப்படி நடந்திருக்கிறது. 1998-இல் டாய் ஸ்டோரி 2 படத்தின் ஃபைல்களை யாரோ தவறான கட்டளை கொடுத்து அழித்துவிட்டார்கள். பேக்கப் டேப்பை எடுத்துப் பார்த்தால் அது சரியாக எழுதப்படவே இல்லை. குழந்தை பெற்றதால் வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சூஸ்மன் என்ற பெண்மணியின் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி இருந்ததால் படம் பிழைத்தது. எனக்கு அப்படி ஒரு வீடு இல்லை.

இதுவரைக்கும் நடந்தது கவனக்குறைவு. இதற்கு மேல் நான் செய்தது வேறு வகை.

தை மாசம் வேலை ஆரம்பித்தபோது புதுசாக பில் புத்தகம் அடிக்கக் கொடுத்தேன். அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி சேர்த்தேன்: "ஆல்பம் ஒப்படைத்த இரண்டு ஆண்டுகளுக்குப் பின் மூலப்படங்களுக்கு ஸ்டூடியோ பொறுப்பல்ல." நடந்துவிட்ட இழப்பை, முன்பிருந்தே வருகிற விதியாக மாற்றிக்கொள்ள அந்த வரி. பழைய பில்லில் அது இல்லை என்று யாரும் எடுத்து வந்து கேட்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். யாரும் கேட்கவும் இல்லை. முதல் ஒரு வருஷம், "தேடிப் பார்க்கிறேன்" என்று இழுத்தடித்தேன். பிறகு அந்த விதியைச் சொல்ல ஆரம்பித்தேன்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் கரை கடந்தது. எங்கள் பக்கம் தென்னை மரங்கள் சாய்ந்து கிடந்த கோலத்தை இந்த இதழைப் படிப்பவர்கள் பலரும் பார்த்திருப்பீர்கள். ஓடு போனது, கூரை போனது, பீரோ மேல் வைத்திருந்த ஆல்பம் மூன்று நாள் மழையில் ஊறியது. கரன்ட் திரும்ப வரவே சில ஊர்களில் வாரக்கணக்கில் ஆனது. வந்ததும் ஜனங்கள் ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். ஆல்பம் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டையாகிப் போனதைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தார்கள். "உங்ககிட்ட இருக்கும்லண்ணே?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியில் சந்தேகமே இருக்காது. எல்லாம் போன இடத்தில், இது ஒன்று போயிருக்காது என்ற நிம்மதியோடு வந்து கேட்டார்கள். குரோக் சொன்னாரே, வேறு கட்டடத்தில் ஒரு பிரதி என்று. அந்தக் குடும்பங்கள் அந்த விதியைக் கடைப்பிடித்திருந்தார்கள். அவர்களுடைய வேறு கட்டடம் என் கடைதான்.

அவர்களுக்குத்தான் ரெண்டு வருஷ விதியைச் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனார்கள். அப்பா எடுத்த 1980-களின் கல்யாணங்களுக்கு வந்தவர்களுக்கு மட்டும் அலமாரியைத் திறந்து நெகட்டிவ் எடுத்து ஸ்கேன் செய்து கொடுத்தேன். பாட்டி கல்யாணம் இருந்தது, பேத்தி கல்யாணம் இல்லை. இது எப்படி என்று ஒரு பெரியவர் கேட்டார். "அது ஃபிலிம், இது கம்ப்யூட்டர்" என்று சொல்லி வாயடைத்தேன்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு, அதுதான் ஆல்பம் கொடுத்துவிட்டாயே, பிறகென்ன என்று தோன்றும். ஆல்பம் அன்றைக்கு மாப்பிள்ளை, பெண் வீட்டார் விருப்பத்துக்குத் தேர்ந்தெடுத்தது. இரண்டாயிரம், மூவாயிரத்தில் இருநூறு, முந்நூறுதான் அதில் ஏறும். கரிஷ்மா ஆல்பம் என்றால் டிசைன் வேறு. முகத்தைச் சுற்றிப் புகைமூட்டம், ஓரத்தில் ரோஜாப்பூ, தோலை வழித்துவிட்ட மாதிரி மிருதுவாக்கிய கன்னம். அன்றைக்கு அதைத்தான் கேட்டார்கள், நானும் அதைத்தான் கொடுத்தேன். பத்து வருஷம் கழித்து வருகிறவர்கள் அதைக் கேட்பதில்லை. பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்த சித்தப்பா, பந்தக்காலில் சாய்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அப்பாயி, மொய் நோட்டோடு உட்கார்ந்திருந்த வாத்தியார், சமையல்கட்டில் எட்டிப் பார்த்த ஒரு பொடியன், இப்படி ஓரமாக இருந்தவர்களைத்தான் கேட்கிறார்கள். எல்லாம் அன்றைக்கு "வேணாம்" என்று தள்ளிய படங்கள். ஆல்பத்தில் இல்லாதவை. டிஸ்க்கில் மட்டும் இருந்தவை.

2021-இல், கொரோனா இரண்டாம் அலை ஓய்ந்து சில மாசம் கழித்து ஒரு பெண் வந்தார். ஒரத்தநாட்டுப் பக்கம் வீடு. 2013 ஆவணியில் அவர் கல்யாணத்தை நான்தான் எடுத்தேன். கணவர் மே மாசம் இறந்துவிட்டார். மாலை போட்டு வைக்க ஒரு படம் வேண்டும் என்றார். ஆல்பத்தைக் கொண்டுவந்திருந்தார். இதிலிருந்து எடுக்கலாமே என்றேன். இல்லை, அவருக்கு வேண்டியது வேறு. படம் தேர்ந்தெடுக்க இரண்டு பேரும் என் கடைக்கு வந்திருந்த நாளில், பந்தியில் சாம்பார் வாளியோடு குனிந்து யாருக்கோ பரிமாறிக்கொண்டே வாய்விட்டுச் சிரிக்கிற படம் ஒன்று திரையில் வந்ததாம். "இது வேணாம், பல்லெல்லாம் தெரியுது" என்று அவர் தள்ளிவிட்டாராம். அதுதான் வேண்டும் என்றார்.

எனக்கும் அந்தப் படம் ஞாபகம் இருந்தது. விதியைச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எங்க தப்புதாண்ணே. அப்பவே ஒரு பென் டிரைவ்ல கேட்டு வாங்கியிருக்கணும். எங்களுக்குத் தோணல" என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. ஒரு பெண், புருஷனைப் பறிகொடுத்து வந்தவர், என் குற்றத்தைத் தன் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்திருந்தார். நான் அப்படியே போட்டுக்கொள்ள விட்டேன். ஆல்பத்தில் மாலையும் கழுத்துமாக நேராக நிற்கிற படத்தை ஸ்கேன் செய்து, ரோஜாப்பூவை அழித்து, பெரிதாக்கிக் கொடுத்தேன். காசு வேண்டாம் என்றேன். அவர் என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டு போனார். நான் செய்தவற்றில் என்னால் பொறுக்க முடியாதது இதுதான்.

அதற்குப் பிறகும் நாலு வருஷம் சும்மாதான் இருந்தேன். 2025 செப்டம்பர் 26 அன்று தென் கொரியாவின் டேஜியான் நகரில் அரசாங்கத் தகவல் மையத்தில் லித்தியம் பேட்டரியிலிருந்து தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் தங்கள் வேலை ஃபைல்களைப் போட்டு வைத்திருந்த கிளவுட் ஒன்று முழுக்க எரிந்துபோனது, 858 டெராபைட். வெளியில் நகலே இல்லை. ஏன் எடுக்கவில்லை என்றதற்கு, அளவு மிகப் பெரிது, நகல் எடுக்க வசதியில்லை என்றார்கள். நான் எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்த அதே பதில். ஒரு கல்யாணமே 60, 70 ஜிபி வருகிறது, இதையெல்லாம் இரண்டு தடவை எங்கே வைப்பது? ஆனால் அவர்கள் அடுத்த சில நாட்களிலேயே, போய்விட்டது என்று நாட்டுக்குச் சொல்லிவிட்டார்கள். நான் ஒன்பது வருஷமாக ஒரு ஊருக்குச் சொல்லவில்லை.

பழைய பில் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போக ஆரம்பித்தேன். முதலில் போனது அந்த ஒரத்தநாட்டு வீட்டுக்கு.

எல்லாவற்றையும் சொன்னேன். டிஸ்க் விழுந்தது 2016-இல் என்றதும் அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். "அப்ப அவரு நல்லா இருந்தாரேண்ணே. அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா, பந்தியில போன்ல எடுத்த பசங்ககிட்டக் கேட்டு வாங்கியிருப்போமே. அவரு தம்பி கூட்டாளிங்க எல்லாரும் எடுத்தாங்க. இப்ப யாருகிட்ட அந்தப் போன் இருக்கும்?"

எனக்கு இது அதுவரை உறைத்ததே இல்லை. தொலைத்தது ஒரு நாள் நடந்த காரியம். மறைத்தது ஒன்பது வருஷம் நடந்துகொண்டே இருந்த காரியம். அந்த ஒன்பது வருஷமும், என் டிஸ்க்குக்கு வெளியே ஊரெல்லாம் சிதறிக் கிடந்த பிரதிகள் ஒவ்வொன்றாக அழிந்துகொண்டிருந்தன. விருந்தாளிகளின் போன்கள் எக்ஸ்சேஞ்சில் போயின. அவசரமாகக் கொடுத்த பென் டிரைவ்களில் பசங்கள் பாட்டு ஏற்றினார்கள். வீடியோ எடுத்தவர் கேசட்டுகளைத் தூக்கிப் போட்டார். 2017-இல் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாதிக் கல்யாணங்களை ஊரே சேர்ந்து தேற்றிக் கொடுத்திருக்கும். பத்திரமாக இருக்கிறது என்று எல்லோரும் நம்பியதால்தான் யாரும் தங்களிடம் இருந்ததைக் காப்பாற்றவில்லை.

ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர், "உங்கப்பா இருந்திருந்தா இப்படி நடந்திருக்குமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே எழுந்து போய்விட்டார். இன்னொரு வீட்டில் காப்பி கொடுத்து, "போனது போகட்டும் தம்பி" என்றார்கள். எனக்கு முதல் வீட்டுப் பதில்தான் சரியானது என்று படுகிறது.

கொஞ்சம் கிடைத்தும் இருக்கிறது. பழைய கேமராப் பையின் பக்க அறையில் ஒரு கார்டு அகப்பட்டது. மற்ற கார்டுகளையெல்லாம் கேமராவோடு சேர்த்து விற்றுவிட்டேன். கேமராவில் ஃபார்மட் செய்தால் அட்டவணைதான் அழியும். மேலே புதுசு எழுதும் வரை படம் பெரும்பாலும் உள்ளேயே கிடக்கும். கிறிஸ்டோப் கிரெனியே என்பவர் எழுதிய போட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டினேன். 2016 ஆவணியில் எடுத்த ஒரு கல்யாணத்தின் பாதி வந்தது. பேராவூரணியில் ஒருவர் நான் கொடுத்த பென் டிரைவை சாமி அலமாரியில் வைத்திருந்தார், முழுசாகத் திறந்தது. பென் டிரைவில் படம் மின்னூட்டமாகத்தான் நிற்கிறது, வருஷக்கணக்கில் கரன்ட் படாமல் கிடந்தால் கசிந்துவிடலாம். அதனால் அன்றைக்கே நகல் எடுத்தேன். கன்ட்ரோல், சி.

எதிர்பாராத இடம் கூகுள் போட்டோஸ். 2021 ஜூன் 1 வரை அதில் கொஞ்சம் சுருக்கிய அளவில் எத்தனை படம் வேண்டுமானாலும் இலவசமாக ஏற்றலாம் என்றிருந்தது. 2015, 2016-இல் ஆண்ட்ராய்டு போன் வைத்திருந்த பல பேருக்குத் தங்களுக்கே தெரியாமல் படங்கள் மேலே போயிருக்கின்றன. மதுக்கூரில் ஒரு தம்பியின் பழைய ஜிமெயிலைத் திறந்ததில் அவர் அத்தை மகள் கல்யாணப் பந்தி முழுக்க இருந்தது. ஆனால் இரண்டு வருஷம் தொடாமல் விட்ட கணக்குகளை 2023 டிசம்பரிலிருந்து கூகுள் அழித்துவருகிறது. எத்தனை கணக்குகள் போய்விட்டனவோ. வாட்ஸாப்பில் வந்தவை நிறையக் கிடைக்கின்றன. அது படத்தைச் சுருக்கிவிடும், சுவரில் மாட்டுகிற அளவுக்குப் பெரிதாக்கினால் முகம் உடைந்துபோகும். ஒன்றுமே இல்லாததற்கு அது இருக்கட்டும் என்று சேர்த்துவைக்கிறேன்.

இப்போது என் கேமராவில் இரண்டு கார்டிலும் ஒரே படம் எழுதப்படுகிறது. இரண்டு டிஸ்க்கில் ஏறிய பிறகுதான் கார்டை அழிக்கிறேன். மூன்றாவது டிஸ்க் தஞ்சாவூரில் தங்கை வீட்டில் இருக்கிறது. ஆடியில் எல்லாவற்றையும் திறந்து பார்க்கிறேன். பில்லில் அந்த வரியை எடுத்துவிட்டேன். அப்பாவின் நெகட்டிவ்கள் இன்னும் ஒரே அலமாரியில் ஒரே பிரதியாகத்தான் இருக்கின்றன. ஸ்கேன் செய்யும் வேலை 1983-ஐத் தாண்டவில்லை.

ஒரத்தநாட்டுப் பெண்ணின் கணவர் சிரிக்கிற படம் கிடைக்கவில்லை. அவருடைய தம்பியின் நண்பர்கள் இரண்டு பேர் சிங்கப்பூரில் இருக்கிறார்கள், பழைய கணக்குகளைத் தேடிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

நான் போய்ச் சொல்லாத வீடுகள் இன்னும் நிறைய இருக்கின்றன. பலர் வெளியூர் போய்விட்டார்கள், பில்லில் இருக்கிற நம்பர்கள் மாறிவிட்டன. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, மதுக்கூர், அதிராம்பட்டினம் பக்கம் அந்த ஆறு வருஷத்தில் எந்த விசேஷத்துக்குப் போயிருந்தாலும், அது நான் எடுத்த கல்யாணமா இல்லையா என்று யோசிக்க வேண்டாம், உங்கள் பழைய ஜிமெயிலை ஒரு தடவை திறந்து பாருங்கள். மேஜை டிராயரில் கிடக்கிற பென் டிரைவையும் பழைய போனையும் இரும்புக் கடையில் போட்டுவிடாதீர்கள். திரை உடைந்திருந்தாலும் கொண்டுவாருங்கள். சார்ஜர் இல்லையென்றால் பரவாயில்லை, பழைய முள் சார்ஜர் எல்லா வகையும் கடையில் சேர்த்து வைத்திருக்கிறேன்.